பனியடித்தால் நாளைக்கென்று வைக்காதே

தங்கச்சி, முடக்குவாதத்துக்கோ லூபஸுக்கோ மாற்றிவைத்த சிறுநீரகத்துக்கோ நீ தின்கிற மாத்திரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கிறது. கிருமியைத் தடுக்க வேண்டியதும் அதே சக்திதான். அதனால் பக்கத்து வீட்டாருக்கு மூன்று நாளில் விடுகிற பனி உனக்கு அப்படி விட்டுப்போகும் என்று நம்பியிருக்காதே.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வை. 100.4 டிகிரி காட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. சுக்குக்காப்பி குடித்து இரண்டு நாள் பார்ப்பது உனக்கு ஆகாது. பிரெட்னிசோலோன் தின்றால் காய்ச்சல் வெளியே தெரியாமல் மறைந்திருக்கலாம். குளிர்நடுக்கமோ மூச்சுவாங்கலோ இருந்தால் உடம்பு சுடவில்லை என்றாலும் கிளம்பிவிடு.

நம் பக்கத்து ஆட்கள் ஒருநாள் பாறசாலை, இன்னொரு நாள் நெய்யாற்றின்கரை, அவசரமென்றால் களியக்காவிளை தாண்டி ஆசாரிப்பள்ளம் என்று போவோம். எங்கே போனாலும் மாத்திரைகளின் பேரும் அளவும் எழுதிய சீட்டை முதலில் நீட்டு. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறவருக்கு கோட்ரைமாக்சசோல் சேர்த்துக் கொடுத்தால் ரத்த அணுக்கள் ஆபத்தாகக் குறையலாம். அதனால் மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்காதே. பயந்துபோய் ஸ்டீராய்டை நீயாக நிறுத்தவும் கூடாது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டர் சொல்லட்டும்.

தண்ணீர் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில், கண்ணறவிளையில் ஒரு இளைஞர் அமீபா மூளைக்காய்ச்சலில் இறந்தார். காவின்குளத்துத் தண்ணீரோடு தொடர்புள்ள வேறு சிலருக்கும் அது வந்தது. குளத்தில் குளிக்கும்போது மூக்கு வழியாக ஏறுகிற அமீபா எவரையும் தாக்கும். அகாந்தமீபா என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது, தோலில் உள்ள புண் வழியாகக்கூட நுழையும். குளமும் தோடும் நமக்குப் பழகிய இடங்கள், எனக்கும் அங்கே குளிக்க ஆசைதான். ஆனாலும் மருந்து தின்கிற காலம் வேண்டாம்.

தொழிலுறப்பு வேலைக்குத் தோடு வெட்டப் போகிறாயா? மேற்பார்வை பார்ப்பவரிடம் சொல்லி, தண்ணீரில் இறங்காத வேலையாகக் கேள். எலிக்காய்ச்சல் காலில் இருக்கிற சின்னக் கீறல் வழியாக வரும். வேலையைத் தவிர்க்க முடியாவிட்டால் பூட்ஸும் கையுறையும் போடு. எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின் கொடுத்தால், நீ தின்கிற மருந்தோடு சேருமா என்று கேட்டுவிட்டு விழுங்கு.

குடிக்கிற சீரகத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டுத் தானே ஆறவிடு. சீக்கிரம் ஆற வேண்டுமென்று பச்சைத் தண்ணீரைக் கலந்தால் கொதிக்கவைத்ததே வீண். கல்யாண வீடுகளில் இது நடக்கும், கையில் ஒரு குப்பி தண்ணீர் கொண்டுபோ.

ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் நீயாகவே கேள். உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகள் மட்டும் உனக்கு ஆகாமல் போகலாம்.

அம்மை போட்ட வீட்டுக்குப் போகாதே, சொந்தக்காரர் கோபித்தாலும் சரி. தெரியாமல் போய்விட்டால் உடனே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல். தடுக்கிற மருந்து கொடுக்கச் சில நாள்தான் அவகாசம்.