தொட்டியை நகர்த்தும் முன் பாய்லரைப் பாருங்கள்

இங்கிலாந்தில் பாத்ரூம் புதுப்பிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "பாய்லரைத் தொட வேண்டாம், குளியல் தொட்டியை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிப் போட்டால் போதும்." உடனே தலையாட்டாதீர்கள். தொட்டி நகர்ந்தால் பாய்லரும் நகர்ந்த கணக்குத்தான். நேற்றுவரை விதிக்கு உட்பட்டிருந்த பாய்லர், சுவரில் மாட்டிய இடத்திலேயே இருந்தபடி இன்று விதியை மீறிவிடலாம்.

அங்குள்ள மின்வயரிங் விதி பிஎஸ் 7671, அறையைத் தொட்டியிலிருந்துதான் அளக்கிறது. தொட்டியின் உட்புறம் மண்டலம் 0. அதற்கு நேர்மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம்வரை மண்டலம் 1. அதன் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் இன்னும் 60 சென்டிமீட்டர் மண்டலம் 2. பாய்லர் எரிவது கேஸில் என்றாலும் உள்ளே விசிறி, பம்ப், சர்க்யூட் போர்டு எல்லாம் ஓடுவது மின்சாரத்தில். ஆகவே மண்டலம் 1, 2 இரண்டிலும் அதற்குக் குறைந்தது ஐபிஎக்ஸ்4 தரம் வேண்டும். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்க வேண்டும் என்று பொருள். உங்கள் மாடலுக்கு அந்தத் தரம் உண்டா, தொட்டிக்கு அருகே வைக்க அனுமதி உண்டா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். ஊகம் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது பாய்லருக்கு மின்சாரம் தரும் ஸ்பர் சுவிட்சில். பாய்லர் தேறினாலும் பக்கத்தில் இருக்கும் அந்தச் சாதாரண சுவிட்ச் தேறாது. மண்டலங்களுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.

விதி எதுவானாலும், சர்வீஸ் செய்ய வருகிறவர் தொட்டிக்குள் இறங்கி நின்று முன்மூடியைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால், அதை நான் மோசமான வேலை என்றுதான் சொல்வேன். பாய்லரில் சேரும் நீரை வெளியேற்றும் கண்டென்சேட் குழாய் பழைய தொட்டியின் கழிவுக் குழாயில் சேர்கிறதா என்றும் பாருங்கள். தொட்டியைப் பெயர்க்கும்போது அதையும் சேர்த்து அறுத்துவிடுவது எளிது.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. எரிவதற்கான காற்றைப் பாய்லர் எங்கிருந்து எடுக்கிறது? 1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி, வெளிக்காற்றை இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் மூடிய வகையைத்தான் பாத்ரூமில் பொருத்தலாம். அறைக் காற்றை எடுத்து எரியும் பழைய பாய்லர் என்றால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. டேப்பைச் சுருட்டிவிட்டு, கேஸ் சேஃப் பதிவு பெற்றவரை அழையுங்கள். வருகிறவரின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது பின்புறத்தில்தான் இருக்கும்.

மண்டலங்களுக்குள் மின்இணைப்பை மாற்றினால் கட்டடக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் என்றால் அவரே தன் அமைப்பின் வழியாகத் தெரிவித்துவிடுவார். வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் சொலிசிட்டர் அதற்கான சான்றிதழைக் கேட்பார். அதை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கடைசித் தவணையை வாங்குங்கள்.