ஒருவழிக் கணக்கு

நெல்லைக் குத்தி அரிசியாக்குதல் எளிது. அரிசியை மீண்டும் நெல்லாக்குதல் எவராலும் ஆகாது. இவ்வாறு ஒரு திசையில் எளிதாகவும், மறுதிசையில் அரிதாகவும் அமைந்த செயல்கள் கணிதத்திலும் உண்டு. அவற்றை ஒருவழிச் சார்புகள் என்பர். இன்று கோடிக்கணக்கான மக்களின் செய்திகளையும் செல்வத்தையும் காத்து நிற்பவை இவையே.

89,681, 96,079 என்னும் இரண்டு பகா எண்களைப் பெருக்குவோம். தாளும் எழுதுகோலும் இருப்பின் சில நிமிடங்களில் 8,61,64,60,799 என்னும் விடை கிடைத்துவிடும். ஆனால், அவ்விடையை மட்டும் கொடுத்து, எவ்விரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று வினவினால் என் செய்வோம்? ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்து வகுத்துக் களைத்துப் போவோம். ஜெவான்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1874-ஆம் ஆண்டில் தாம் எழுதிய நூலில் இவ்வெண்ணையே எடுத்துக்காட்டி, இதன் காரணிகளைத் தம்மையன்றிப் பிறர் அறிதல் அரிது எனக் கருதினார். பின்வந்தோர் அவற்றைக் கண்டறிந்தனர். இன்றைய கணிப்பொறியோ இமைப்பொழுதில் கூறிவிடும். எனினும், எண் பெரிதாகப் பெரிதாகப் பிரிக்கும் உழைப்பு மலைபோல் வளரும் என்னும் உண்மை மாறவில்லை.

இவ்வுண்மை நெடுங்காலத்து இடர் ஒன்றைத் தீர்த்தது. முன்னாளில் மறைமொழியில் செய்தி அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே திறவுகோலை முன்னரே பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனைக் கொண்டுசெல்லும் தூதன் பகைவர் கையில் அகப்படின் யாவும் வெளிப்பட்டுவிடும். பூட்டுவதற்கு ஒரு திறவுகோல், திறப்பதற்கு வேறொரு திறவுகோல் என்று இரண்டாக வைத்தால் என்ன என்று டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1976-இல் எடுத்துரைத்தனர். மறு ஆண்டிலேயே ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் என்னும் மூவர் அதற்கேற்ற கணக்கை அமைத்தனர். இதனையொத்த முறையைக் காக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1973-இலேயே கண்டிருந்தார். அரசாங்க இரகசியமாதலின் 1997 வரை உலகம் அதனை அறியவில்லை.

அம்முறை இதுவே. ஒருவர் மிகப்பெரிய பகா எண்கள் இரண்டினைத் தேர்ந்து தம்மிடமே மறைத்து வைத்துக்கொள்வார். அவற்றின் பெருக்கற்பலனை ஒரு துணையெண்ணுடன் ஊரறிய வெளியிடுவார். அதனைக் கொண்டு எவரும் அவருக்குரிய செய்தியைப் பூட்டலாம்; மறைந்துள்ள பகா எண்களை அறிந்த அவர் மட்டுமே திறக்கலாம். நெல்லுக்கு இல்லாத சிறப்பு இது: திரும்பும் வழி ஒன்று உண்டு, அஃது உரியவருக்கே தெரியும்.

அம்மூவரும் 129 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றனால் ஒரு செய்தியைப் பூட்டி, திறப்பவர்க்கு 100 டாலர் பரிசு என 1977-இல் அறிவித்தனர். அதனைப் பிரிக்கக் கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்று அன்று எண்ணினர். ஆனால், 1994-இல் ஏறத்தாழ 600 தொண்டர்கள் பல நாடுகளிலிருந்தும் தம் கணிப்பொறிகளை ஒன்றுசேர்த்து, எட்டுத் திங்களில் பிரித்துவிட்டனர். இன்று 617 இலக்கங்கள் கொண்ட எண்கள் பெரிதும் வழங்குகின்றன.

இங்கு நாம் உணரவேண்டுவது ஒன்றுண்டு. பெரிய எண்ணை விரைவாகப் பிரிக்கும் எளிய வழி இல்லவே இல்லை என்று இன்றுவரை எவரும் மெய்ப்பிக்கவில்லை. இன்றைய கணிப்பொறிகளுக்கேற்ற அத்தகைய வழியை எவரும் கண்டு வெளியிடவில்லை என்பதே நாம் அறிந்தது. குவாண்டம் கணிப்பொறி வலிமை பெற்று வளருமாயின் விரைவாகப் பிரிக்கலாம் என்று ஷோர் என்னும் அறிஞர் 1994-இல் காட்டினார். ஆகவே, வேறு வகைக் கணக்குகளைக் கொண்ட புதிய பூட்டுகளை அறிஞர் ஆக்கி வருகின்றனர்.

எனவே, உலகின் நம்பிக்கை, விடை காணப்படாத ஒரு வினாவின் மேல் நிற்கின்றது. அவ்வினாவின் தொடக்கம் நீங்கள் வகுப்பில் பயிலும் பகா எண்களும் காரணிகளுமே. சிறு கணக்கு என்று எதனையும் இகழாது கற்பீர்களாக.