லண்டன், பாரிஸ், சூரிச், ஹாம்: உறவுகளைப் பார்க்கப் போகிறவர்கள் எதில் போவது?

யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பா வெளிக்கிடும் குடும்பம் ஒரு நாட்டோடு திரும்புவது குறைவு. மகன் லண்டனில், மகள் பாரிஸில், தங்கை சூரிச்சில், சித்தப்பா ஜேர்மனியின் ஹாம் நகரில் என்று உறவு பரந்து கிடக்கிறது. ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாமல் வந்தால் அந்தக் கதை வருடக்கணக்கில் ஓடும். ஆகவே எல்லா இடமும் போகத்தான் வேண்டும். எதில் போவது என்பதைத்தான் ஒழுங்காக யோசிக்க வேண்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்தால் காசும் மிஞ்சும், உடம்பும் மிஞ்சும்.

1. முதலில் நாடுகளின் வரிசை

ரயிலா விமானமா என்ற கேள்விக்கு முன்னால் வீசா நிற்கிறது. பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, டென்மார்க் உட்பட 29 நாடுகள் ஷெங்கன் வட்டத்துக்குள் இருக்கின்றன. ஒரே வீசாவில் இவற்றுக்குள் போய்வரலாம். பிரித்தானியாவும் அயர்லாந்தும் இதற்கு வெளியே. அவற்றுக்குத் தனி வீசா வேண்டும்.

பாரிஸில் இறங்கி, நடுவில் லண்டன் போய், மறுபடி சுவிஸுக்கு வந்தால் ஷெங்கனுக்குள் இரண்டு தடவை நுழைந்ததாகிவிடும். ஒருதடவை நுழைவு வீசா வைத்திருப்பவருக்கு இந்த வழி அடைபட்டது. ஆகவே லண்டனைத் தொடக்கத்தில் வையுங்கள், அல்லது கடைசியில் வையுங்கள். நடுவில் வைக்க வேண்டாம்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே ஷெங்கன் வீசா விண்ணப்பம் போக வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. உங்கள் வீசாவில் அதைவிடக் குறைவான நாள் போட்டிருந்தால் அதுவே எல்லை. போய் இறங்கும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். 2025 ஒக்டோபர் 12 முதல் இந்த வருகையும் வெளியேற்றமும் கணினியில் பதிவாகும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. நாள் கணக்கில் பிழை விட்டால் மறையாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊரில் நிற்க வேண்டும் என்பவர்கள் திரும்பும் திகதியை முதலில் குறித்துவிட்டு மற்றதைப் பின்னோக்கிப் போடுங்கள்.

2. இறங்குவது ஓரிடம், ஏறுவது ஓரிடம்

போன இடத்துக்கே திரும்பிவந்து விமானம் ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. கொழும்பிலிருந்து லண்டனுக்குப் போய், பிராங்பேர்ட்டிலிருந்தோ டுசல்டோர்ஃபிலிருந்தோ வளைகுடா வழியாகக் கொழும்புக்குத் திரும்பும்படி ஒரே ரிக்கெற்றாக எடுக்கலாம். முகவரிடம் 'பல நகர ரிக்கெற்' என்று கேளுங்கள். விலை சற்றுக் கூடினாலும், ஜேர்மனியிலிருந்து லண்டனுக்குத் திரும்பும் செலவும் ஒரு நாள் அலைச்சலும் இல்லாமல் போகும். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பயணிகளிடம் அறவிடும் விமான வரியும் மிச்சம்.

பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து பறப்பது வசதியாகத் தோன்றும். இரண்டும் வேறு வேறு ரிக்கெற் என்றால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பொதியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய வீசா தேவை. பலாலி விமானம் அனுமதிக்கும் பொதி எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு இரவு வானில் கட்டுநாயக்கா போவதே சோலியில்லாத வழி.

3. வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் பாருங்கள்

உறவினரிடம் நகரத்தின் பெயரை மட்டும் கேட்டு நிற்காதீர்கள். வீட்டுக்குக் கிட்டிய ரயில் நிலையத்தின் பெயரைக் கேளுங்கள். பாரிஸ் என்று சொல்பவர் லா கூர்நெவிலோ சார்செலிலோ இருப்பார்.

பாரிஸ் - சூரிச் விமானத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில்தான். ஆனால் விமான நிலையம் போவது, இரண்டு மணித்தியாலம் முந்தி நிற்பது, இறங்கிப் பொதிக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஐந்து மணித்தியாலத்தைத் தாண்டும். கார் து லியோன் நிலையத்திலிருந்து சூரிச் நகர நடுவுக்கு அதிவேக ரயில் ஏறக்குறைய 4 மணித்தியாலத்தில் போய்விடும். சூட்கேஸ் உங்கள் கண்முன்னே இருக்கும்.

பொதுவாக, ரயிலில் ஐந்தாறு மணித்தியாலத்துக்குள் முடியும் பயணத்துக்கு ரயிலையும், அதற்கு மேல் போனால் விமானத்தையும் முதலில் பாருங்கள். சூரிச்சிலிருந்து ஒஸ்லோ போகிறவர் ரயிலை யோசிக்கத் தேவையில்லை.

4. நான்கு வழிகளின் குணம்

*ரயில்.* லண்டனின் செயின்ற் பாங்ராஸிலிருந்து பாரிஸின் கார் து நோர்வுக்கு யூரோஸ்டார் ரயில் 2 மணி 20 நிமிடம் அளவில் ஓடுகிறது. ஹரோ, ஈஸ்ற் ஹாம், ரூட்டிங் மூன்றிலிருந்தும் செயின்ற் பாங்ராஸுக்கு மாறாமல் வரும் பாதாள ரயில் உண்டு. கார் து நோரில் இறங்கினால் லாச்சப்பல் தமிழ்க் கடைகள் நடை தூரம். பெரிய பொதி இரண்டும் கைப்பை ஒன்றும் கொண்டுபோகலாம். பெரிய பொதி 85 சென்ரிமீற்றர் நீளத்தைத் தாண்டக் கூடாது. ஏறும் முன்பே நிலையத்தில் குடிவரவுச் சோதனை நடக்கும் என்பதால் ஒன்றரை மணித்தியாலம் முந்திப் போங்கள்.

*மலிவு விமானம்.* 20 யூரோ என்று காட்டும் ரிக்கெற்றில் பெரும்பாலும் இருக்கைக்குக் கீழே அடங்கும் சிறிய பைதான் சேர்த்தி. மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் அடைத்த பெட்டிக்குத் தனிக் காசு. விமான நிலையத்தின் பெயரையும் நம்பாதீர்கள். 'பாரிஸ் போவே' பாரிஸிலிருந்து 80 கிலோமீற்றருக்கு மேல். 'பிராங்பேர்ட் ஹான்' பிராங்பேர்ட்டிலிருந்து 120 கிலோமீற்றர் அளவில். ஊர்ச் சாமான் முழுவதையும் முதல் இரண்டு வீடுகளில் இறக்கிய பிறகு, கைப்பையோடு போகும் நீண்ட தூரத்துக்கே இது சரி.

*பஸ்.* ஃபிளிக்ஸ்பஸ் போன்றவை விலையில் குறைவு. ஆனால் பாரிஸ் - சூரிச் ஒன்பது, பத்து மணித்தியாலம் எடுக்கும். இளம் ஆட்களுக்குச் சரி. முழங்கால் நோ உள்ள அம்மாவை இரவு பஸ்ஸில் ஏற்ற வேண்டாம்.

*உறவினரின் கார்.* நான்கைந்து பேர் என்றால் ஆளுக்கு விழும் செலவு குறைவு. பாரிஸ் - சூரிச் சுமார் 650 கிலோமீற்றர். பிரான்ஸில் நெடுஞ்சாலைக் கட்டணம் உண்டு. சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங் வருட அனுமதி எடுக்க வேண்டும். ஜேர்மனியில் காருக்கு நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை, ஆனால் பல நகரங்களுக்குள் போகப் புகைக் கட்டுப்பாட்டுச் சிட்டை ஒட்ட வேண்டும். ஓட்டுகிறவர் வேலைக்கு லீவு போட்டுத்தான் வருகிறார் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஊரிலிருந்து போய் நீங்களே ஓட்டுவதானால், இந்த மூன்று நாடுகளிலும் வீதியின் வலப்பக்கம். ஒரு நாட்டில் வாடகைக்கு எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் கூடுதல் கட்டணம் வரும்.

5. பாஸ் வாங்குவதா?

ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களுக்கு யூரெயில் பாஸ் உண்டு. 33 நாடுகளில் செல்லும். 60 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கழிவு, 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவரோடு இலவசம். கூட வரும் பாரிஸ் மகளுக்கு அது கிடையாது. அவர் இன்டர்ரெயில் எடுக்க வேண்டும்.

மூன்று வீட்டுக்கு மூன்று பயணம் என்றால் தனித்தனி ரிக்கெற்றை இரண்டு மூன்று மாதம் முந்தி எடுப்பதே பெரும்பாலும் மலிவு. பாஸ் இருந்தாலும் யூரோஸ்டாரிலும் பிரெஞ்சு அதிவேக ரயிலிலும் இருக்கைக்குத் தனிக் காசு கட்ட வேண்டும். ஆறேழு நாடு சுற்றிப் பார்க்கிறவர்களுக்கே பாஸ் இலாபம்.

ஜேர்மனியில் இருப்பவர் "என்னட்டை மாத ரிக்கெற் இருக்கு மாமா, அதிலை போவம்" என்று சொல்லலாம். 2023 மே 1 இல் தொடங்கிய அந்த ரிக்கெற் உள்ளூர், பிராந்திய ரயில்களுக்கு மட்டுமே. ஐசிஇ விரைவு ரயிலில் செல்லாது. அது அவருடைய பெயரில்தான் செல்லும், உங்களுக்கும் தனியே வேண்டும்.

6. பதிவு செய்யும்போது

எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். ரிக்கெற் எடுப்பவருக்குக் கடவுச்சீட்டின் படத்தையே அனுப்புங்கள். இல்லாவிட்டால் 'ராசா மாமா' என்று அவர் பழகிய பெயரைப் போட்டுவிடுவார்.

சூரிச்சிலிருந்து பாசலில் மாறி ஹாம் போக 7 மணித்தியாலம் அளவில் ஆகும். இப்படி மாறும் பயணத்தை ஒரே ரிக்கெற்றாக எடுங்கள். முதல் ரயில் பிந்தி அடுத்தது தவறினால் பின்னால் வரும் ரயிலில் ஏற உரிமை இருக்கும். ஒரு மணித்தியாலம் பிந்தினால் விலையில் 25 சதவீதமும், இரண்டு மணித்தியாலம் பிந்தினால் 50 சதவீதமும் கேட்கலாம். 2024 இல் ஜேர்மன் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதமே நேரத்துக்கு ஓடின. ஆகவே மாறுவதற்குக் குறைந்தது 40 நிமிடம் விடுங்கள். காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு ஹாம் போகிறவர்கள் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

7. வயதானவர்களுக்கு உதவி

ரயில் நிலையத்தில் ஏற்றி இறக்கும் உதவி இலவசம். 24 மணித்தியாலம் முன்பு சொல்ல வேண்டும். விமான நிலையச் சக்கர நாற்காலிக்கு 48 மணித்தியாலம். மொழி தெரியாமல் தனியே போகும் பெற்றோருக்கு இது பெரிய துணை.

8. பயண நாளன்று

ஷெங்கனுக்குள் எல்லை இல்லை என்று கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட வேண்டாம். 2024 செப்ரெம்பர் 16 முதல் ஜேர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது. ரயிலுக்குள்ளும் பஸ்ஸுக்குள்ளும் பொலிஸ் ஏறிக் கேட்கும். கடவுச்சீட்டு, காப்புறுதிப் பத்திரம், மருந்துச் சீட்டு, போகும் வீட்டின் விலாசம் நான்கும் கையில் இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு வழிகளுக்கு நடுவில் மனம் தடுமாறினால், மாறும் இடம் குறைந்ததையே எடுங்கள். பதினைந்து யூரோ மிச்சம் பிடிக்க மூன்று நிலையத்தில் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. வீசா கைக்கு வந்த அன்றே விலை ஏறும் ரிக்கெற்றுகளை, அதாவது யூரோஸ்டாரையும் பாரிஸ் - சூரிச்சையும், வாங்கிவிடுங்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பார்க்கலாம்.