வாசலில் வீசப்படும் இலவச இதழ்: மலைத்தோட்ட வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு ஈப்போ போய் ஐந்து நாள் கழித்து வீடு திரும்பினோம். அஞ்சடியில் இலவச இதழ்களும் பேரங்காடி விளம்பரத் தாள்களும் மழையில் ஊறிக் கூழாகிக் கிடந்தன. ஒரு கட்டைத் தூக்கினால் அடியில் நான்கு நத்தைகள். சிமெண்டுத் தரையில் எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. கதவின் அடிச்சட்டம் ஈரம் குடித்து உப்பிவிட்டதால், தோளால் முட்டித்தான் உள்ளே போக முடிந்தது.

2002இல் தி சன் நாளிதழ் இலவசமானபோது கோலாலம்பூரில் பலர் விரும்பி எடுத்துப் படித்தார்கள். விரும்பி எடுப்பது வேறு, கேட்காதவர் வாசலில் வீசிவிட்டுப் போவது வேறு. அதிலும் எங்கள் கேமரன் மலையின் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். இங்கே நனைந்த காகிதம் எளிதில் காயாது. போ, சுங்கை பாலாஸ், பாரத் என எந்தத் தோட்டத்து லயமானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

1. வந்தது எதுவென்று பாருங்கள்

பெயரில்லாமல் வீசப்படும் இதழ், உங்கள் பெயருக்குத் தபாலில் வரும் விளம்பரம், கதவில் ஒட்டப்படும் சட்டவிரோதக் கடன் விளம்பர ஸ்டிக்கர். மூன்றுக்கும் வழி வேறு வேறு.

2. நிறுத்தச் சொல்லுங்கள்

போட்டுவிட்டுப் போகும் பையனைத் திட்டாதீர்கள். அவன் கூலிக்குச் செய்கிறான். இதழைப் புரட்டுங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும் என்கிறது 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், பதிப்புகள் சட்டம். அந்த முகவரிக்கு வீட்டு எண், தேதியோடு எழுதுங்கள். லயத்தார் எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. தோட்டத்துச் சாலை தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் ஆபீசில் கிராணியிடமும் சொல்லி வையுங்கள். காவல் சாவடியிலேயே ஒரு பெட்டி வைத்துவிட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

பெயருக்கு வரும் விளம்பரத்தை நிறுத்த, 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதலாம். கடன் ஸ்டிக்கரைப் படமெடுத்துக்கொண்டு போலீசில் கொடுங்கள். அதிலுள்ள எண்ணுக்கு மட்டும் அழைக்காதீர்கள்.

3. ஒட்டியதை எடுக்கும் முறை

அவசரப்பட்டு மண்வெட்டியால் சுரண்டினால் சிமெண்டுப் பூச்சும் கூடவே பெயரும். சோப்பு கலந்த வெந்நீரை ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். கூழ் தளர்ந்ததும் பழைய பிளாஸ்டிக் அட்டையால் ஓரத்திலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். மைக்கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசித் தேய்க்கலாம். சாயம் பூசிய பலகையில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். ஸ்டிக்கர் பசைக்குச் சமையல் எண்ணெய் போதும். நனைந்த தாளில் வழுக்கி விழும் அபாயம் இருக்கிறது. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அந்தத் தாளை அகற்றுவதுதான் முதல் வேலை.

4. வாய்க்காலைப் பாருங்கள்

கூழை வாய்க்காலில் கூட்டித் தள்ளுவது நம்மில் பலருக்குப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். மேல் வீட்டில் தள்ளிய காகிதம் கீழ் வீட்டு வளைவில் இலைதழையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் தண்ணீர் அவர்கள் அடுப்படிக்கு வரும். இதழைச் சுற்றிவரும் பிளாஸ்டிக் உறையிலும் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். உறையைத் தனியே பிரித்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

5. மிஞ்சியதை என்ன செய்வது?

எரிக்கக் கூடாது. திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. மூடி போட்ட வாளி ஒன்றை வாசல் கம்பியில் கட்டி, அதில் போடச் சொன்னால் இதழ் நனையாது. காய்ந்த காகிதத்தைக் கட்டி வைத்தால் பழைய காகிதம் வாங்க வரும் 'பேப்பர் லாமா' லோரிக்குப் போடலாம். நனைந்ததை அவர்கள் எடுப்பதில்லை.

இத்தனை செய்தும் நிற்கவில்லையா? தேதி வாரியாகப் படங்களைச் சேர்த்து, கேமரன் மலை மாவட்ட மன்றத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பக்கத்து வீட்டில் வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கலாம். விடியுமுன் கொழுந்தெடுக்கப் போனவர்கள் இருட்டித்தான் வருவார்கள். ஒரு வீடு பூட்டியே கிடக்கலாம். குவிந்த காகிதம் ஆளில்லை என்பதைத் திருடனுக்குக் காட்டிக்கொடுக்கும். உங்கள் வாசலில் கிடப்பதை எடுக்கும்போது அவர்கள் வாசலில் கிடப்பதையும் மழைக்கு முன் எடுத்து வையுங்கள்.