தேர்வுக்குப் படிக்கிறீர்களா? பிரிண்டர் மையை மிச்சப்படுத்துங்கள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதற்காகவே வீட்டில் ஓர் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினேன். பள்ளிப் பாடநூல்களையும் பழைய வினாத்தாள்களையும் பிடிஎப் பைல்களாக டவுன்லோட் செய்து, ஒவ்வொன்றாக அச்சிட ஆரம்பித்தேன். முதல் வாரத்திலேயே மை தீர்ந்துவிட்டது. புது கார்ட்ரிட்ஜின் விலை, தேர்வுக் கட்டணத்தைவிட அதிகம்! எந்த செட்டிங்கையும் பார்க்காமல் பிரிண்ட் பட்டனை அழுத்தியதுதான் நான் செய்த தவறு. புதிதாக பிரிண்டர் வாங்கியவர்கள் அதே தவறைச் செய்ய வேண்டாம்.

முதலில், எதை அச்சிட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வினாத்தாளில் உள்ள 200 கேள்விகளையும் திரையில் படித்து, விடைகளை ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதலாம். அதற்குப் பிரிண்ட் தேவையில்லை. அச்சிட்டே ஆக வேண்டும் என்றால், முன்பக்க அறிவுரைகளையும் கடைசியில் உள்ள ரஃப் ஒர்க் பக்கங்களையும் விட்டுவிடுங்கள். பாடநூல் முழுவதும் தேவையென்றால் புத்தகமாக வாங்குவது மலிவா என்று கணக்குப் பாருங்கள்.

சில பக்கங்கள் மட்டும் தேவையா? அடோப் ரீடரில் பைலைத் திறந்து இப்படிச் செய்யுங்கள்.

1. கன்ட்ரோல் கீயுடன் பி கீயை அழுத்துங்கள். பிரிண்ட் விண்டோ கிடைக்கும்.

2. பேஜஸ் என்ற கட்டத்தில் 24-31 என்பது போல பக்க எண்களை டைப் செய்யுங்கள். அட்டை, பொருளடக்கம் எல்லாம் சேர்வதால், புத்தகத்தில் அச்சான எண்ணும் பைலில் உள்ள எண்ணும் பெரும்பாலும் வேறுபடும். இது தெரியாமல் 8 பக்கங்களை நான் வீணாக்கினேன். வலது பக்கம் தெரியும் பிரிவ்யூவில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

3. மல்டிபிள் என்பதைக் கிளிக் செய்து, பேஜஸ் பெர் ஷீட் என்ற இடத்தில் 2 எனக் கொடுங்கள். ஒரு தாளின் ஒரு பக்கத்திலேயே இரண்டு பக்கங்கள் வந்துவிடும். பின்பக்கத்திலும் அச்சிட்டால் 200 பக்கங்களுக்கு 50 தாள்களே போதும்.

4. பிரிண்ட் இன் கிரேஸ்கேல் என்பதில் டிக் செய்யுங்கள். சில பிரிண்டர்கள் கிரேஸ்கேலுக்கும் வண்ண மையைக் கலந்து பயன்படுத்தும். உங்கள் பிரிண்டரில் பிளாக் இங்க் ஒன்லி என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

5. பிராப்பர்ட்டீஸ் பட்டனைக் கிளிக் செய்து, குவாலிட்டி என்ற இடத்தில் டிராஃப்ட் என மாற்றுங்கள். எழுத்து சற்று வெளிறித் தெரியும். படிக்க அது போதும்.

முதலில் ஒரே ஒரு தாளை அச்சிட்டுப் பாருங்கள். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் ஒரு தாளுக்கு ஒரு பக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் அச்சிட தாளை எப்படித் திருப்பி வைப்பது என்பதையும் பென்சிலால் ஒரு குறி போட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கார்ட்ரிட்ஜ் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை அப்படியே நம்பிவிட வேண்டாம். அது குறிப்பிட்ட சோதனைப் பக்கங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. வண்ணப் பின்னணியும் படங்களும் நிறைந்த பாடநூல் பக்கங்கள் அதைவிட அதிக மையைக் குடிக்கும். அதனால் இப்போது நான் முக்கியக் குறிப்புகளை மட்டும் வேர்டில் டைப் செய்து அச்சிடுகிறேன். டைப் செய்யும்போதே பாடமும் மனதில் பதிகிறது.

கடைசியாக ஒன்று. பிரிண்டரை அதன் பவர் பட்டன் மூலமே ஆஃப் செய்யுங்கள். அப்போதுதான் மை வரும் ஹெட் தன் மூடிக்குள் சென்று நிற்கும். நேராக சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் திறந்தபடி நின்று மை உலர்ந்துவிடலாம். பிறகு கிளீனிங் செய்ய வேண்டிவரும். அந்த கிளீனிங்கே மையைச் செலவழிக்கும். வாரத்துக்கு ஒரு பக்கமாவது அச்சிட்டு வந்தால் இந்தத் தொல்லை குறையும்.

இன்றே உங்கள் பிரிண்டரின் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு புத்தகம் வாங்கலாம். தேர்வில் வெற்றி பெற வாழ்த்துகள்!