டின் பாலும் பிள்ளைகளின் உடலும்

மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தும் நம் சகோதரர்கள் தினமும் கையாளும் சரக்கு இனிப்பு டின் பால். ஆலையில் பலவாறு மாற்றிச் செய்த உணவுகளால் பிள்ளைகளின் உடலுக்கு என்ன நேருகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தச் சின்ன டின்னே போதும்.

ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1936-ல் மலாயாவுக்குப் பணி செய்ய வந்தார். தாய்ப்பாலை நிறுத்தி, இனிப்பு டின் பாலைக் கரைத்து ஊட்டப்பட்ட சிசுக்கள் நோயுற்று மாண்டதைக் கண்டார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் செய்த பிரசங்கத்தின் தலைப்பு "பாலும் கொலையும்" என்பதாகும். தலைப்பே அவருடைய கோபத்தைச் சொல்லும். டின்னில் ஏறக்குறைய பாதி சீனி. திகட்டாதபடி நீர் விட்டுக் கரைத்தால் பாலின் சத்து போதாது. அந்த நீர் சுத்தமில்லையென்றால் வயிற்றுப்போக்கு வேறு.

இன்று பல டின்களில் அந்தப் பால்கூட இல்லை. சீனி, செம்பனை எண்ணெய், கொஞ்சம் பால் தூள் சேர்த்த கிரீமர்தான் இருக்கிறது. டின்னில் 'கிரீமர்' என்றே அச்சிட்டிருக்கிறது. அதைப் 'பால்' என்று கேட்பதும் கொடுப்பதும் கடையில் நடப்பவை. ஹலால் முத்திரையைத் தேடும் கண், அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் சேர்மானப் பட்டியலையும் பார்க்கலாமே!

உணவை அது ஆலையில் எவ்வளவு மாற்றப்படுகிறது என்பதைக் கொண்டு வகை பிரிக்க வேண்டுமென்று பிரேசில் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோ 2009-ல் எழுதினார். கருவாடும் பதனிட்டதுதான், ஆனால் அதில் இருப்பது மீனும் உப்பும். பாக்கெட் மீ, கலர் தண்ணீர், சுவைத்தூள் தூவிய நொறுக்குத்தீனி ஆகியவை அப்படியல்ல. சமையலறையில் காணாத சாயமும் மணமும் அவற்றில் உண்டு. 2019-ல் அமெரிக்காவில் 20 பேருக்கு இரண்டு வாரம் இவ்வகை உணவும், இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். இவ்வகை உணவை உண்டபோது நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் பாடே இப்படி. பிள்ளையின் வயிறோ சிறியது; அது இனிப்பால் நிறைந்தால் சோற்றுக்கும் மீனுக்கும் இடமேது? பல்லும் சொத்தையாகும்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. மலேசியாவில் 2019 ஜூலை முதல் சீனி மிகுந்த பானங்களுக்கு வரி உண்டு. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் டின், பாட்டில் பானங்களுக்குத் தரக்குறி வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் கடைசித் தரமான 'டி'. ஓராண்டு கழித்து, கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் அது நீண்டது. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு.

ஆனால் கைக்குழந்தையோடு வந்து டின் கேட்கும் தாய்க்குக் கடைக்காரர் சொல்லும் வார்த்தையைச் சட்டம் சொல்லித் தராது. அது தேநீருக்கு உரியது, குழந்தைக்கு அல்ல என்று சொல்லிவிடுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். ஒரு வயது கடந்த பிள்ளையென்றால், சீனி சேராத பாலை எடுத்துக் கொடுங்கள். அதை விற்றாலும் லாபம் உண்டு.