‘தேன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘மீ’ வந்தால் தப்பா?

கீரனூர்ப் பக்கம் ஆங்கில இலக்கணம் என்று பேச்செடுத்தால், பள்ளியை விட்டுப் பல வருஷம் ஆனவர்கள்கூட மறக்காமல் சொல்லும் விதி ஒன்று உண்டு. ‘அவன் என்னை விட உயரம்’ என்பதை ‘ஹி இஸ் டாலர் தேன் ஐ’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘தேன் மீ’ என்று சொன்னால் படிக்காதவர் என்று நினைத்துவிடுவார்கள். இந்த விதியின் மேல் நம் ஊர்களில் இருக்கும் பிடிப்பு சாதாரணமானதில்லை. ஆனால் இதே ஒப்பீட்டு வாக்கியங்களில் பொருளையே கெடுக்கிற பிழைகள் நான்கைந்து இருக்கின்றன. அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ் ஏறிப் போய் பேங்க் தேர்வுக்கும் எஸ்எஸ்சி தேர்வுக்கும் தயாராகிற பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இலக்கணம் காதில் ஏறினால்தான் நிற்கும்.

நம்பிக்கை: ‘தேன் மீ’ கொச்சை, நல்ல ஆங்கிலம் எழுதியவர்கள் அப்படி எழுதியதே இல்லை.

எழுதியிருக்கிறார்கள். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், நீதிமொழிகள் 27ஆம் அதிகாரம் மூன்றாம் வசனத்தைப் பாருங்கள். கல்லும் மணலும் பாரமானவை, மூடனின் கோபம் அவ்விரண்டையும் விடப் பாரமானது என்று வரும் அந்த இடத்தில், ‘தேன்’ என்பதற்குப் பிறகு ‘தே’ வரவில்லை, ‘தெம்’ வருகிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் காஸியஸ் பேசும்போது, விதிப்படி ‘ஐ’ வர வேண்டிய இடத்தில் ‘மீ’ என்கிறான். மில்டன் 1667இல் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் இரண்டாம் காண்டத்தில் ‘தேன் ஹூம்’ என்றே எழுதினார். இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரால் சொல்ல முடியும்?

அப்படியானால் விதி எங்கிருந்து வந்தது? 1762இல் ராபர்ட் லோத் என்பவர் ஆங்கில இலக்கணத்துக்கு ஒரு சிறு அறிமுக நூல் எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். பெரிய பெரிய எழுத்தாளர்களின் வரிகளை எடுத்து அடிக்குறிப்பில் பிழை காட்டியவர். ‘தேன்’ என்பது இரண்டு வாக்கியங்களை இணைக்கும் சொல், இரண்டாம் வாக்கியத்தின் வினை சொல்லாமல் மறைந்திருக்கிறது, அந்த வினையை நிரப்பிப் பார்த்தால் எந்தப் பிரதிப்பெயர் வர வேண்டும் என்று தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். ‘ஹி இஸ் டாலர் தேன் ஐ ஆம்.’ இதில் கடைசி ‘ஆம்’ மறைந்தால் ‘தேன் ஐ’ மிஞ்சும். வாதம் சுத்தமானதுதான். ஆனால் ‘தேன் ஹூம்’ என்ற வழக்கை அவராலேயே தள்ள முடியவில்லை. அதை மட்டும் விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார்.

அந்த வழிமுறைதான் வழிவழியாக வந்து நம் வகுப்பறைகளில் உட்கார்ந்தது. நம்மூரில் அதை நிலைநாட்டியது ரென் அண்ட் மார்ட்டின். 1930களில், இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட புத்தகம் அது. அந்த ரென், பம்பாயில் கல்வித் துறையில் வேலை பார்த்த பி. சி. ரென், ‘போ ஜெஸ்ட்’ நாவலை எழுதியவரும் அவரே. மறைந்திருக்கும் வினையை மனதில் நிரப்பிப் பார் என்று அந்தப் புத்தகம் சொல்லிக்கொடுத்ததை மூன்று தலைமுறை படித்திருக்கிறது. நல்ல பயிற்சி அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ‘தேன்’ என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘வித்’, ‘ஃபார்’, ‘டு’ போல அது முன்னிடைச் சொல்லாகவும் நிற்கும். அப்படி நிற்கும்போது பின்னால் ‘மீ’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’ வருவதுதான் முறை. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் சேர்ந்து கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் ‘தேன்’ என்பதை முன்னிடைச் சொல்லாகவே கணக்கில் எடுக்கிறது. ஆக, ‘டாலர் தேன் மீ’ சரி. பேச்சில் அதுதான் இயல்பு. ‘டாலர் தேன் ஐ’ என்பதும் சரி. கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும். ‘டாலர் தேன் ஐ ஆம்’ எங்கே எழுதினாலும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ‘ஆஸ் டால் ஆஸ் மீ’, ‘ஆஸ் டால் ஆஸ் ஐ ஆம்’ இரண்டுக்கும் இதே கணக்கு.

நம்பிக்கை: தமிழில் யோசிப்பதால்தான் பிள்ளைகள் ‘மீ’ போடுகிறார்கள்; தமிழை மறந்தால் ஆங்கிலம் சரியாக வரும்.

முதல் பாதியில் உண்மை இருக்கிறது. ‘என்னை விட’ என்கிறோம். ‘நான் விட’ என்று தமிழில் கிடையாது. பழந்தமிழ் இதற்கு ஐந்தாம் வேற்றுமையைப் பயன்படுத்தியது. அந்த ‘இன்’ உருபுக்கு நன்னூல் கொடுக்கும் நான்கு பொருள்களில் ஒப்பும் ஒன்று. இன்றைக்குப் பேச்சிலும் எழுத்திலும் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ உருபோடு ‘விட’ சேர்ந்து அந்த வேலையைச் செய்கிறது. எப்படிப் பார்த்தாலும் நம் மொழியில் ஒப்பிடப்படும் ஆள் எழுவாயாக நிற்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ‘மீ’ என்று வருவது இயற்கை. வந்தது தப்பும் இல்லை என்று மேலே பார்த்துவிட்டோம்.

இரண்டாம் பாதியை நான் முழுதாக மறுக்கிறேன். ‘ஐ’யும் ‘மீ’யும் பொருளையே மாற்றிவிடுகிற இடம் ஒன்று உண்டு. அதைப் புரியவைக்கத் தமிழைப் போல் உதவுவது வேறு எதுவும் இல்லை. ‘அப்பா என்னை விட அண்ணனை அதிகமா நம்புறார்’ என்று ஒரு பெண் சொல்கிறாள். எதைச் சொல்கிறாள்? அப்பா தன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை குறைவு என்கிறாளா, அல்லது அண்ணனை நம்புவதில் தனக்கும் அப்பாவுக்கும் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்கிறாளா? வீட்டு நிலவரம் தெரிந்தவருக்குப் புரியும். எழுத்தில் படிப்பவருக்குப் புரியாது. தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம்? வினையை வெளியே கொண்டுவருகிறோம். ‘என்னை நம்புறதை விட அண்ணனை அதிகமா நம்புறார்.’ ‘நான் அண்ணனை நம்புறதை விட அப்பா அதிகமா நம்புறார்.’ குழப்பம் தீர்ந்தது.

ஆங்கிலத்திலும் இதைத்தான் செய்ய வேண்டும். ‘ஃபாதர் ட்ரஸ்ட்ஸ் மை பிரதர் மோர் தேன் மீ’ என்றால் என்னை நம்புவதைவிட அவனை அதிகம் நம்புகிறார் என்பது கண்டிப்பான இலக்கணப்படி பொருள். ‘மோர் தேன் ஐ’ என்றால் நான் அவனை நம்புவதைவிட அப்பா அதிகம் நம்புகிறார். ஒரே ஒரு சொல்தான் மாறியது. வீட்டுக்குள் யாருக்கு மனக்குறை என்பதே மாறிவிட்டது. பேச்சில் ‘மீ’ இரண்டு பொருளுக்கும் வந்துவிடும் என்பதால், எழுதும்போது ‘தேன் ஐ டூ’ என்றோ ‘தேன் ஹி ட்ரஸ்ட்ஸ் மீ’ என்றோ வினையைச் சேர்த்து எழுதுவதே நல்லது. வினையை நிரப்பிப் பார் என்ற பழைய பாடம் நிஜமாகவே உயிர் பெறுவது இந்த இடத்தில். ‘டாலர் தேன் மீ’யில் அந்தப் பாடத்தால் யாருக்கும் லாபமில்லை, அங்கே வேறு பொருளுக்கு வழியே கிடையாது.

நம்பிக்கை: ‘ஐ’யா ‘மீ’யா என்று பார்த்துவிட்டால் ஒப்பீட்டு வாக்கியம் முடிந்தது.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கட்டுரை நோட்டு சமீபத்தில் கைக்கு வந்தது. நீலப் பேனாவில் அழகான, சாய்வில்லாத கையெழுத்து. ‘மை சிஸ்டர் இஸ் டாலர் தேன் மீ’ என்ற வரியில் ‘மீ’ சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, மேலே பெரிதாக ‘ஐ’ போடப்பட்டிருந்தது. அதற்கு இரண்டு வரி கீழே ‘மை மார்க்ஸ் ஆர் ஹையர் தேன் ஹெர்’ என்று இருந்தது. அந்த வரியைத் தாண்டி, பத்தியின் முடிவில் ஒரு டிக்.

அடிக்க வேண்டிய வரி அதுதான். அந்த வாக்கியம் மார்க்கை அக்காவோடு ஒப்பிடுகிறது. மார்க்கை மார்க்கோடுதான் ஒப்பிட முடியும். ‘தேன் ஹெர்ஸ்’ என்று இருக்க வேண்டும். ‘என்னை விட’ என்ற இடத்தில் ‘என்னுடையதை விட’ என்று பொருள் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். வந்தால் ‘மைன்’, ‘யுவர்ஸ்’, ‘ஹிஸ்’, ‘ஹெர்ஸ்’, ‘அவர்ஸ்’, ‘தேர்ஸ்’ ஆகியவற்றில் ஒன்றுதான் வரும். ‘ஹெர்ஸ்’, ‘யுவர்ஸ்’ போன்றவற்றில் ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் மேற்கொட்டு போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போடுகிறவர்கள் நிறையப் பேர்.

தமிழ்ப் பேச்சில் ‘என் மார்க் அவளை விட ஜாஸ்தி’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், கேட்பவரும் புரிந்துகொள்கிறார். எழுத்து ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தருவதில்லை. ஊர்ப் பெயர்களில் இது இன்னும் அதிகமாக நடக்கும். ‘தி க்ளைமேட் ஆஃப் கொடைக்கானல் இஸ் கூலர் தேன் திண்டுக்கல்.’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பக்கம் தட்பவெப்பம், மறுபக்கம் ஒரு நகரம். ‘தேன் தட் ஆஃப் திண்டுக்கல்’ என்று வந்தால்தான் இரண்டு பக்கமும் சமமாகும். இங்கே ‘தட்’ என்பதும் பிரதிப்பெயர்தான். தட்பவெப்பம் என்ற சொல்லைத் திரும்பச் சொல்லாமல் அதன் இடத்தில் நிற்கிறது. பன்மையானால் ‘தோஸ்’. சிறுமலை வாழைப்பழங்கள் சமவெளியில் விளைபவற்றைவிட இனிப்பு என்று எழுதும்போது ‘ஸ்வீட்டர் தேன் தோஸ் ஆஃப் தி ப்ளெய்ன்ஸ்’. அந்தத் ‘தோஸ்’ இல்லாவிட்டால், பழம் சமவெளியைவிட இனிப்பு என்று ஆகிவிடும்.

இன்னொன்று, ‘அதர்’. ‘கொடைக்கானல் இஸ் கூலர் தேன் எனி டவுன் இன் திண்டுக்கல் டிஸ்ட்ரிக்ட்’ என்று எழுதினால், கொடைக்கானலும் அதே மாவட்டத்து ஊர் என்பதால், அது தன்னைவிடத் தானே குளிர்ச்சி என்று சொன்னதாகிறது. ‘எனி அதர் டவுன்’ என்றால் சரியாகிவிடும். அதே வாக்கியத்தில் மதுரை மாவட்டம் என்று வந்தால் ‘அதர்’ வேண்டாம்.

நம்பிக்கை: ஒப்பீடு என்றாலே ‘தேன்’.

‘ஹி இஸ் சீனியர் தேன் மீ’ என்று ஆபீஸ்களில் கேட்காத நாளில்லை. லத்தீனிலிருந்து வந்த ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகியவை ‘தேன்’ என்பதைச் சேர்ப்பதில்லை. ‘டு’ என்பதைத்தான் கேட்கும். ‘ப்ரிஃபர்’ என்ற வினையும் அப்படித்தான், ‘ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி’. ‘டு’ முன்னிடைச் சொல் என்பதில் சந்தேகமே கிடையாது என்பதால் ‘சீனியர் டு மீ’ மட்டுமே சரி. ‘மீ’யைக் கண்டாலே அடிக்கும் பழக்கம் ஏற்றப்பட்ட பிள்ளை இங்கே ‘சீனியர் டு ஐ’ என்று எழுதிவிட்டு வருகிறது. ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று எழுதுவதும் அந்தப் பயத்தின் இன்னொரு வடிவம். பயத்தை நாம்தான் கொடுத்தோம்.

அண்ணன், அக்கா என்று பிறப்பு வரிசையைச் சொல்லும்போது ‘எல்டர் தேன் மீ’ என்பதும் நம்மூர்ப் பிழை. ‘எல்டர் பிரதர்’ சரி. ஆனால் ‘எல்டர்’ என்ற சொல்லின் பின்னால் ‘தேன்’ வராது. ‘மை பிரதர் இஸ் ஓல்டர் தேன் மீ’ என்றே சொல்ல வேண்டும்.

‘ஐ’யும் வேண்டாம் ‘மீ’யும் வேண்டாம் என்று ‘தேன் மைசெல்ஃப்’ என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. தேவையில்லை, ‘மீ’ போதும்.

நம்பிக்கை: அப்படியே இருந்தாலும், தேர்வில் ‘தேன் மீ’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிழை என்று குறித்துவிடலாம்.

எஸ்எஸ்சியின் பட்டதாரி நிலைத் தேர்வில் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழியும். பேங்க் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், தப்புக்குக் கால் பங்கு கழிவு. இதில் அவசரப்படுவது நஷ்டம். பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் ‘தேன் மீ’ கண்ணில் பட்டதும் நின்றுவிடாதீர்கள். எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘தட் ஆஃப்’, ‘தோஸ் ஆஃப்’, ‘அதர்’ விடுபட்டிருக்கலாம். அடுத்து ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘ப்ரிஃபர்’, ‘எல்டர்’ இருக்கிறதா என்று தேடுங்கள். ‘மோர் பெட்டர்’, ‘மோர் டாலர்’ என்று இரட்டை ஒப்பீடு இருக்கிறதா பாருங்கள். பிறகு வினையின் ஒருமை பன்மை, காலம். இவையெல்லாம் சுத்தமாக இருந்து, ‘பிழை இல்லை’ என்பதா அல்லது ‘மீ’ இருக்கும் பகுதியா என்ற நிலை வந்தால் மட்டும், பயிற்சிப் புத்தகங்களில் பெரும்பாலானவை இன்னும் லோத்தின் பக்கமே நிற்கின்றன என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள். நீங்களே வாக்கியம் எழுத வேண்டிய கட்டுரைக்கும் கடிதத்துக்கும் இந்த யோசனையே வேண்டியதில்லை. ‘தேன் ஐ ஆம்’, ‘தேன் ஹி இஸ்’, ‘தேன் ஷி டஸ்’ என்று வினையோடு சேர்த்து எழுதிவிடுங்கள். திருத்துகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சிவப்பு மை விழாது.